நாற்பத்தெட்டு வீட்டுக்கும் ஒரே இருமல்

ஆனி மாதம் பதினோராம் நாள், வியாழக்கிழமை, காலை பத்தேகால் மணிக்கு, கோயம்புத்தூர் சிங்காநல்லூருக்குப் பக்கத்தில் இருக்கும் வேலவன் குடியிருப்பு முதல் தடவையாக இருமியது. நான்கு மாடியும் நாற்பத்தெட்டு வீடும் ஒரு லிஃப்டும் கொண்ட கட்டடம் அது. கட்டி முடித்துப் பதினான்கு வருடம் ஆகியிருந்தது, அதுவரைக்கும் ஒரு தும்மல்கூடப் போட்டதில்லை. சின்னதாக இரண்டு, பிறகு நீளமாக ஒன்று, அதன் வாலில் குக்கர் அடங்கும்போது வருமே அந்த மாதிரி ஒரு கீச்சுச் சத்தம். அவ்வளவுதான். நான்காம் மாடியில் கொடியில் கிடந்த துண்டு கீழே விழுந்தது, இரண்டாம் மாடியில் பால் பாத்திரத்தின் மூடி கழன்று சமையலறை முழுக்க உருண்டது, கீழே கார் நிறுத்துகிற இடத்தில் வாட்ச்மேன் சென்னியப்பன் எழுந்து நின்று, "யாருங்க அது?" என்று கேட்டார்.

ஒவ்வொரு வீட்டுக்காரரும் பக்கத்து வீட்டுக்காரர் இருமியதாக நினைத்துக்கொண்டார்.

இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் படி துடைத்துக்கொண்டிருந்த மயிலாத்தாள், சத்தம் கேட்டதும் பழக்க தோஷத்தில் முந்தானையால் வாயைப் பொத்தினாள். பொத்திய பிறகுதான் அவளுக்கு உறைத்தது, இருமியது தான் இல்லை என்று. ஆனால் அது அவளுடைய இருமல். சின்னதாக இரண்டு, நீளமாக ஒன்று, கடைசியில் கீச்சு. தன் நகையைப் பிறத்தியார் கழுத்தில் பார்த்தவள் போல அவள் மாப்பைப் பிடித்தபடி சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மயிலாத்தாள் இருகூரிலிருந்து பேருந்தில் வருகிறவள், வயது நாற்பத்து நான்கு. பதினோரு வருடமாக அந்தக் குடியிருப்பின் படிகளையும் நடைகளையும் கூட்டித் துடைக்கிறாள், பன்னிரண்டு வீடுகளில் குளியலறையும் கழுவிக் கொடுக்கிறாள். அவள் துடைத்த படியில் இலை போட்டுச் சாப்பிடலாம் என்று சென்னியப்பன் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார். அதைக் கேட்கும்போது அவள் பக்கெட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவாள். ஆனால் அன்றைக்கு முழுக்க அவள் நடையில் ஒரு நிமிர்வு இருக்கும். எந்தக் கறை எதனால் வந்தது, எந்தக் கறை எதற்குப் போகும் என்று அவளுக்குத் தெரிந்த அளவுக்கு அந்த நாற்பத்தெட்டு வீட்டில் யாருக்கும் தெரியாது.

இருமல் வந்தது மூன்றாவது வருடத்தில். ஒரு குளியலறையில் உப்புக்கறை போகவேண்டுமென்று பிளீச்சிங் பவுடரைத் தூவி, அதன் மேலேயே ஆசிட்டையும் ஊற்றச் சொன்னார்கள். ஊற்றினாள். மஞ்சளும் பச்சையுமாக ஒரு புகை எழுந்து மூக்கில் ஏறியது, கண் இருண்டது, வாசற்படியைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து விழுந்தாள். அரை மணி நேரம் கழித்து எழுந்து, முகம் கழுவி, மிச்சத்தையும் தேய்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள். அன்றிலிருந்து நெஞ்சுக்குள் அந்தக் கீச்சு குடியிருந்தது. இருமல் வரும்போது மாடிப்படிக்கு அடியில் மாப்பும் சீமாறும் வைக்கிற அறைக்குள் போய், கதவைச் சாத்தி, முந்தானையை வாயில் வைத்து இருமிவிட்டு வருவாள். இருமுகிற ஆளை வீட்டுக்குள் விடமாட்டார்கள் என்று பயம்.

இரண்டாவது நாளும் கட்டடம் இருமியது. மூன்றாவது நாள் பன்னிரண்டு முறை. அப்போதுதான் எல்லோரும் வெளியே வந்து ஒருவர் வாயை ஒருவர் பார்த்து, இது நம்மில் யாரும் இல்லை என்று ஒத்துக்கொண்டார்கள்.

பிளம்பர் வந்தார். குழாயில் காற்று அடைத்திருக்கிறது என்று சொல்லி, ஒவ்வொரு குழாயாகத் தட்டிப் பார்த்து, இரண்டு வாஷர் மாற்றிவிட்டுப் போனார். அவர் வண்டியைக் கிளப்பும்போது முதுகுக்குப் பின்னால் கட்டடம் இருமியது, அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. இன்ஜினியர் வந்தார். அஸ்திவாரம் திடமாக இருக்கிறது, இருமலைப் பற்றித் தாம் படித்ததில்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு ஜனங்கள் தாங்களே பார்த்துக்கொண்டார்கள். கீழ்த்தளத்துப் பிரேமலதா சுக்கும் மிளகும் திப்பிலியும் தட்டிப் போட்டுப் பெரிய அண்டாவில் கஷாயம் காய்ச்சி, தண்ணீர்த் தொட்டியில் ஊற்றினார். இரண்டு நாளைக்கு நாற்பத்தெட்டு வீட்டுக் காப்பியும் காரமாக இருந்தது, யாரும் குறை சொல்லவில்லை. நான்காம் மாடிக்காரர்கள் ஊட்டியில் வாங்கிய கம்பளித் துண்டுகளை ஒன்றோடொன்று தைத்து, மொட்டைமாடித் தொட்டியின் கழுத்தைச் சுற்றிக் கட்டினார்கள். யாரோ தூண்களுக்கெல்லாம் யூகலிப்டஸ் தைலம் தேய்த்துவிட்டார்கள், பத்து நாளைக்கு யாருடைய கார் வந்தாலும் அதில் நீலகிரி வாசம் அடித்தது. பெண்கள் கூடிக் கோனியம்மன் கோயிலுக்குப் போய்க் கட்டடத்தின் பேரில் அர்ச்சனை கேட்டபோது, பூசாரி கொஞ்சமும் முகம் மாறாமல் நட்சத்திரம் என்ன என்று கேட்டார். கிரகப்பிரவேச நாளைக் கணக்குப் போட்டு உத்திரட்டாதி என்று சொன்னார்கள்.

அப்படியே பழகியும் போனார்கள். முதல் மாடியில் பெண் பார்க்க வந்திருந்தபோது, பேச்சு முடிவாகி வருகிற நேரத்தில் கட்டடம் மூன்று தடவை இருமியது, மாப்பிள்ளையின் தாய்மாமன் தலையை ஆட்டி, "பல்லி சொன்னாப்புல சொல்லிருச்சு, இதுக்கு மேல என்னங்க யோசனை?" என்று சொல்ல, அங்கேயே தட்டு மாற்றிக்கொண்டார்கள். சென்னியப்பன் தன் பார்வையாளர் பதிவேட்டில் இருமலையும் எழுதத் தொடங்கினார். வந்தவர் பெயர்: இருமல். யாரைப் பார்க்க: எல்லோரையும். வந்த நேரம், போன நேரம். ஒரு நாளும் விடாமல் எழுதினார்.

சங்கச் செயலாளர் ஈஸ்வரமூர்த்திக்கு மட்டும் இது கௌரவப் பிரச்சினையாக இருந்தது. பஞ்சாலையில் முப்பது வருடம் தரம் பார்க்கிற வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். செங்கல் வைத்த நாளிலிருந்து அந்தக் கட்டடத்தைப் பார்த்தவர், தம் பிள்ளைக்குச் செய்ததைவிட அதற்கு அதிகம் செய்தவர். அவருக்குச் சுத்தம் என்றால் வாசம். "மூக்குல சுருக்குன்னு ஏறோணும், அதுதான் சுத்தம்" என்பார். பினாயில், ஆசிட், பிளீச்சிங் பவுடர், ரோஜா வாசனை ஸ்பிரே, லிஃப்டுக்குள் எலுமிச்சை வாசனை ஸ்பிரே என்று அறை நிறைய வாங்கி வைத்திருப்பார். அந்த வாசம் வெளியே போய்விடக் கூடாது, புறாவும் வந்துவிடக் கூடாது என்று மாடிப்படிச் சன்னல்களை எல்லாம் அவர்தான் ஏழு வருடத்துக்கு முன்னால் ஆணி அடித்துச் சாத்தச் சொன்னார். மொட்டைமாடிக் கதவுக்குப் பெரிய பூட்டு.

மூன்றாம் மாடியில் குடியிருந்த டாக்டர் நஸீமா பானு நெஞ்சு நோய் மருத்துவர். ஒரு சனிக்கிழமை காலையில் வேலைக்குப் போகிற வழியில், கீழே நடுத்தூணின் மேல் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கண்ணை மூடிக் கேட்டார். இருபது பேர் சுற்றி நின்றார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் காதிலிருந்து எடுத்தார்.

"வீசிங். சந்தேகமே இல்லை. மூச்சுக்குழாய் சுருங்கியிருக்கு. மனுஷன்னா மெஷின்ல ஊதச் சொல்லி அளந்துடுவேன். இதை எதுல ஊதச் சொல்றது?"

கூட்டம் கலைந்தது. மயிலாத்தாள் மட்டும் பக்கெட்டோடு நின்றாள்.

"டாக்டரம்மா, ஒண்ணு சொல்லட்டுங்களா?"

"சொல்லுங்கக்கா."

"ஞாயித்துக்கெழமையில இது இருமறதில்லீங்க. நானு சென்னியப்பண்ணன்கிட்ட நோட்டு வாங்கிப் பாத்துட்டனுங்க. ஞாயித்துக்கெழமைக்கு நேரா எழுத்தே இல்லீங்க. திங்கக்கெழமை பத்து மணிக்கு மறுக்கா ஆரம்பிச்சிருது."

டாக்டர் பதிவேட்டை வாங்கிப் புரட்டினார். ஐந்து வாரம். ஐந்து ஞாயிறும் வெறுமையாக இருந்தன.

"இதை எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

மயிலாத்தாள் தரையைப் பார்த்தாள். "எனக்கும் அப்பிடித்தானுங்க. ஞாயித்துக்கெழமை ஊட்ல இருந்தா இருமலு வராதுங்க. பொங்கலுக்கு மூணு நாளு போனா நெஞ்சு லேசாயிருமுங்க. வந்து படியத் தொடைச்சன்னா, பத்து மணிக்குப் புடிச்சுக்கும்."

டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை அவள் முதுகில் வைத்தார். பிறகு தூணில் வைத்தார். மறுபடி அவள் முதுகில் வைத்தார். இரண்டிலும் ஒரே சத்தம்.

"எத்தனை வருஷமா?"

"எட்டு வருசம் இருக்குமுங்க."

"மூணாவது மாடியில நெஞ்சு டாக்டர் ஒருத்தி இருக்கேன். ஏன்க்கா சொல்லலை?"

"ஆரும் கேக்கலீங்க, டாக்டரம்மா."

ஆறு வருடமாகத் தினமும் காலையில் ஈரப் படியில் ஓரமாக நடந்து இறங்கிப் போன டாக்டர் தம் வீட்டுக்குத் திரும்பிப் போய் ஒரு இன்ஹேலரைக் கொண்டுவந்து, படியிலேயே உட்காரவைத்து, எப்படி இழுக்க வேண்டும், எத்தனை விநாடி பிடித்திருக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். அன்றைக்கு அவர் வேலைக்குப் போக ஒரு மணி நேரம் தாமதமானது.

மறுநாள் சங்கக் கூட்டத்தில் டாக்டர் எழுந்து, இருமலுக்குக் காரணம் நாம் ஊற்றுகிற ஆசிட், பிளீச்சிங் மாதிரி மருந்துகள்தான், கண்டுபிடித்தது மயிலாத்தாள் என்று சொன்னார். டாக்டர் வரச் சொன்னதால் ஞாயிறென்றும் பார்க்காமல் வந்து கதவோரம் நின்றிருந்த மயிலாத்தாளின் பக்கம் எல்லோரும் திரும்பினார்கள். ஈஸ்வரமூர்த்தி சிரித்தார்.

"ஏம்மா மயிலாத்தா, நீ கூட்டறது தொடைக்கறது நல்லாப் பண்றே, அதுல ஒரு சொல்லு இல்ல. வைத்தியம் எதுக்கு உனக்கு? இருமல்னா கிருமி. கிருமின்னா மருந்து பத்தலைன்னு அர்த்தம். நானே நாளைக்கு ஊத்தறேன் பாரு."

"வேண்டாமுங்க. ரெண்டையும் கலக்காதீங்க. நானு ஒருக்கா உளுந்து எந்திரிச்சவ, சொல்றனுங்க."

"நீ சித்த சும்மா இரும்மா."

அவள் சும்மா இருந்தாள். ஆனால் அன்றைக்குப் பேருந்தில் போகும்போது அவளுக்குக் கோபம் வந்தது; தனக்காக இல்லை, அந்தக் கட்டடத்துக்காக.

திங்கட்கிழமை காலை ஈஸ்வரமூர்த்தி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஐந்து பாக்கெட் பிளீச்சிங் பவுடரும் மூன்று கேன் ஆசிட்டுமாகக் கிளம்பினார். கீழ்ப்படியிலிருந்து தூவிக்கொண்டே மூன்றாம் மாடி வரைக்கும் போனார், அங்கிருந்து ஆசிட்டை ஊற்றிக்கொண்டு இறங்குவதாகத் திட்டம். முதல் கேன் கவிழ்ந்ததும் கட்டடம் இருமத் தொடங்கியது, இந்தத் தடவை நிறுத்தவில்லை. லிஃப்ட் நடுவழியில் நின்றது, தொட்டித் தண்ணீர் கொதிப்பது போல அலம்பியது, வெள்ளையடித்த சுவர்களில் வியர்வை வழிந்து, உதடு நீலம் பாய்கிற மாதிரி அடியிலிருந்து மேல்நோக்கி நீலம் ஏறியது. ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு பின்பக்கத்துத் தீயணைப்புப் படி வழியாக இறங்கித் தெருவுக்கு ஓடிவந்தார்கள். நான்காம் மாடிக்காரர்கள் எண்ணிப் பார்த்தார்கள், முதல் மாடிக்காரர்கள் எண்ணிப் பார்த்தார்கள், எல்லோரும் இருந்தார்கள். ஈஸ்வரமூர்த்தி மட்டும் இல்லை.

டாக்டர் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தார். வர இருபது நிமிடம் ஆகும் என்றார்கள்.

"அதுவரைக்கும் தாங்குமுங்களா?" என்று மயிலாத்தாள் கேட்டாள்.

"அவரா, கட்டடமா?"

"ரெண்டும்."

மயிலாத்தாள் பைக்குள் இருந்த இன்ஹேலரை எடுத்து இரண்டு இழுப்பு இழுத்தாள், பத்து விநாடி பிடித்து விட்டாள், துண்டைத் தண்ணீரில் முக்கி மூக்கையும் வாயையும் கட்டினாள். "அக்கா, போகாதீங்க, உங்க நெஞ்சு தாங்காது!" என்று டாக்டர் கத்திக்கொண்டு கையைப் பிடித்தார். "அந்தச் சன்னலு எப்பிடித் தொறக்கும்னு எனக்கு மட்டுந்தானுங்க தெரியும்" என்று சொல்லிக் கையை விடுவித்துக்கொண்டு, தீயணைப்புப் படி வழியாகவே மேலே ஏறினாள்.

மூன்றாம் மாடி நடைக்கு வந்து மாடிப்படிக் கதவைத் திறந்தபோது, ஈஸ்வரமூர்த்தி சுவரோரம் சாய்ந்து கிடந்தார். கண் திறந்திருந்தது, பேச்சு இல்லை. அவரை அக்குளில் கைகொடுத்து இழுத்து நடைக்குக் கொண்டுவந்து போட்டாள். பின்னாலேயே வந்துவிட்ட சென்னியப்பன் அவரைத் தோளில் தூக்கினார். "நீயும் வந்துரு மயிலாத்தா" என்றார். அவள் திரும்பவில்லை. நடையில் சாத்தியிருந்த மாப்புக் கட்டையால் மூன்றாம் மாடிச் சன்னலின் ஆணியைப் பெயர்த்துத் தள்ளித் திறந்தாள். பதினோரு வருடமாக அந்தச் சன்னல்களின் ஒவ்வொரு கீலையும் துடைத்தவள். எது எங்கே துருவேறியிருக்கிறது, எங்கே அடித்தால் விலகும் என்று கைக்குத் தெரியும். பிறகு நான்காம் மாடிச் சன்னல். காற்று அசையவே இல்லை. உள்ளே வருகிற காற்றுக்குப் போக வழி வேண்டும். மொட்டைமாடிக் கதவுக்கு முன்னால் வந்து நின்றாள். பூட்டு ஒரு தேங்காய் அளவுக்கு இருந்தது. மாப்புக் கட்டை உடைந்தது, பூட்டு உடையவில்லை.

அவளுடைய நெஞ்சு அப்போது ஊசித் துளையாகிவிட்டிருந்தது. கதவில் நெற்றியை வைத்து நின்றாள். சுவர் அவள் தோளுக்குப் பக்கத்தில் இழுத்து இழுத்துத் துடித்தது. அவள் ஒரு கையால் அதைத் தடவினாள்.

"பொறு சாமி, பொறு. நானும் இருமோணும், நீயும் இருமோணும். அடக்காதே. ரெண்டு பேருஞ் சேந்து இருமலாம். எத்தனை பலம் இருக்குதோ அத்தனையுங் கூட்டி இருமு."

மூக்கில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து எறிந்தாள். எட்டு வருடமாக முந்தானைக்குள் அடக்கிய இருமல் எல்லாவற்றையும், கதவைச் சாத்திக்கொண்டு இருமிய இருமல் எல்லாவற்றையும், வாயைப் பொத்தாமல், வெட்கப்படாமல், தெருவில் நிற்கிற அத்தனை பேர் காதிலும் விழுகிற மாதிரி அவள் இருமினாள், அவளோடு சேர்ந்து நாற்பத்தெட்டு வீடும் நான்கு மாடியும் அஸ்திவாரத்திலிருந்து எழுந்து இருமின. பூட்டு தெறித்து எங்கேயோ போய் விழுந்தது. கதவு பறந்து திறந்தது.

வெளியே ஆடிக்காற்று நின்றுகொண்டிருந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மலையைத் தாண்டி வந்து, சோளக்காட்டையும் தென்னந்தோப்பையும் ஆட்டிவிட்டு, அந்தக் குடியிருப்பின் மேல் மட்டும் ஏழு வருடமாக முட்டி முட்டித் திரும்பிப் போன காற்று. வாசல் திறந்ததும் சம்பந்தி வீட்டுக்காரர்கள் மாதிரி கூட்டமாக உள்ளே நுழைந்தது. படிப்படியாக இறங்கியது, திறந்த சன்னல் வழியாக வெளியே போனது, மறுபடி வந்தது. கீழே தெருவில் நின்றவர்கள் பார்த்தார்கள்: எல்லா வீட்டுத் திரைச்சீலையும் ஒரே நேரத்தில் உள்ளே இழுபட்டது, சற்று நேரம் அப்படியே நின்றது, பிறகு எல்லாம் ஒன்றாக வெளியே வந்து மெதுவாகத் தாழ்ந்தது. சுவரின் நீலம் மேலிருந்து கீழாக வடிந்து போனது. மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் மயிலாத்தாளின் தலை தெரிந்ததும் யாரோ கை தட்டினார்கள். பிறகு தெரு முழுக்கக் கை தட்டியது.

இரண்டு பேரையும் மருத்துவமனையில் வைத்திருந்தார்கள். மயிலாத்தாள் மூன்று நாளில் வந்துவிட்டாள், ஈஸ்வரமூர்த்திக்கு எட்டு நாள் ஆனது. அவர் வந்த அன்று கூடிய கூட்டத்தில், குரல் உடைந்து காற்றாகிப் போயிருந்த அவர் எழுந்து நின்று சொன்னார்:

"முப்பது வருசம் தரம் பாத்தவன் நானு. நூலைக் கையில தொட்டுப் பாக்காம மூக்குல மோந்து தரஞ் சொல்ற கிறுக்கனை ஆலைக்குள்ள விடுவாங்களா? நானு அதைத்தான் பண்ணிட்டு இருந்திருக்கறேன். மயிலாத்தா, இங்க வந்து உக்காரும்மா. எப்பிடிச் செய்யோணும்னு நீ சொல்லு. நாங்க கேட்டுக்கறோம்."

தம் நாற்காலியைத்தான் அவர் நகர்த்திப் போட்டார். மயிலாத்தாள் ஒரு கணம் தயங்கினாள், பிறகு போய் நன்றாகச் சாய்ந்தே உட்கார்ந்தாள்.

"எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றனுங்க. தெனப்படி அழுக்குக்கு வெந்நித் தண்ணியும் பூந்திக்கொட்டை ஊறவெச்ச தண்ணியும் போதுமுங்க. எண்ணெப்பிசுக்குக்குச் சலவைச் சோடா. குழாயில உப்புப் பூத்தா வினிகரை நனைச்ச துணியச் சுத்தி வெச்சு, அரை மணி நேரங் கழிச்சுத் தேச்சாப் போயிருமுங்க. சிங்குக்கு ஆப்பசோடா. ஆசிட்டு இந்தக் கேட்டுக்குள்ள வரப்படாது. ஸ்பிரே வேண்டாம். வாசம் வேணும்னா சன்னலைத் தொறங்க."

"வாந்தி பேதின்னு வந்தா?" என்று பிரேமலதா கேட்டார்.

மயிலாத்தாள் டாக்டரைப் பார்த்தாள். "அப்போ மட்டும் பிளீச்சிங்" என்றார் டாக்டர். "தண்ணியில நல்லாக் கரைச்சு, கையுறை போட்டு, சன்னலைத் திறந்து வெச்சு, அதை மட்டும் தனியா. வினிகரோடகூடக் கலக்கக் கூடாது."

"இன்னும் ஒண்ணு இருக்குதுங்க" என்றாள் மயிலாத்தாள். அவள் குரலில் தயக்கம் இல்லை. "மருந்து செஞ்ச வேலைய இனிமே கை செய்யோணும். அதுக்கு நேரம் வேணும், தொணைக்கு இன்னொரு ஆளு வேணும். உங்க உங்க குளியலறைத் தண்ணிய நீங்களே வழிச்சு உட்டுட்டு வந்தீங்கன்னா கறையே புடிக்காது. அதுக்குச் சம்மதம்னா நானு படியத் தொடைக்கறேன். இல்லீன்னா, வேற ஆளப் பாத்துக்குங்க."

பதினோரு வருடத்தில் அவள் அந்தக் கட்டடத்துக்கு நிபந்தனை சொன்னது அதுதான் முதல் தடவை. எல்லோரும் கை தூக்கினார்கள். முதலில் தூக்கியவர் ஈஸ்வரமூர்த்தி.

ஆவணியில் இருமல் நாளைக்கு ஐந்தானது, புரட்டாசியில் வாரத்துக்கு ஒன்று, ஐப்பசியில் ஒரே ஒரு நாள், அதுவும் ஒரு குடும்பம் தீபாவளிக்கு வீட்டுக்குள் பெயின்ட் அடித்ததால். கார்த்திகையில் சென்னியப்பனின் பதிவேட்டில் வெறும் மனிதர்கள் மட்டும் வந்து போனார்கள். சிலருக்கு அது கொஞ்சம் வெறுமையாகக்கூட இருந்தது. ஆனால் பகலில் நடைச் சுவரில் காதை வைத்தால், பெரிய மிருகம் ஒன்று நிம்மதியாகத் தூங்குவது மாதிரி சீரான மூச்சு கேட்டது. மயிலாத்தாளின் நெஞ்சு அவ்வளவு சீக்கிரம் ஆறவில்லை. மாதம் ஒரு முறை டாக்டரின் மெஷினில் ஊதினாள், எண் ஏறிக்கொண்டு வந்து ஓர் இடத்தில் நின்றது. "எட்டு வருஷத்துல போனது கொஞ்சம் போனதுதான் அக்கா. ஆனா இனிமே போகாது" என்றார் டாக்டர். மயிலாத்தாள் தலையாட்டினாள். நான்கு மாடி ஏறி வர முன்பு மூன்று இடத்தில் நிற்பாள். இப்போது ஓர் இடத்தில் நின்றாள்.

தை மாதத்தில் மற்றக் கட்டடங்கள் இருமத் தொடங்கின. முதலில் இரண்டு தெரு தள்ளி ஒரு வங்கி, பிறகு ஒரு தங்கும் விடுதி, பிறகு ஒரு பெரிய கல்யாண மண்டபம். முகூர்த்த நேரத்தில் கெட்டிமேளத்தையும் மீறி அது இருமியதாகப் பேசிக்கொண்டார்கள். இதற்கெல்லாம் ஆள் யார் என்று ஊருக்கே தெரிந்திருந்தது. மண்டபத்திலிருந்து கார் அனுப்பினார்கள். மயிலாத்தாள் இஸ்திரி போட்ட நூல் சேலை கட்டி, முன்சீட்டில் உட்கார்ந்து போனாள். சாலையில் சிவப்பு விளக்குக்கு நின்றபோது அவளை அடையாளம் கண்டு ஒரு பேருந்து நடத்துனர் கும்பிட்டார். அவள் மறு கும்பிடு போட்டாள்.

மேனேஜர் வாசலிலேயே காத்திருந்து, அவளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பெரிய தூணின் முன்னால் நிறுத்தினார். "இங்கதாங்க சத்தம் பலமாக் கேக்குது. காதை வெச்சுப் பாருங்க."

மயிலாத்தாள் தூணைப் பார்த்தாள். பளபளவென்று துடைத்திருந்த தரையைப் பார்த்தாள், மூலைகளைப் பார்த்தாள், நல்ல கை என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டாள்.

"தூணு இருக்கட்டுமுங்க. இந்த மண்டபத்தை ஆருங்க கழுவறது?"

"அது... வீரம்மான்னு ஒருத்தி. அவ எதுக்குங்க?"

"அவங்களை வரச் சொல்லுங்க. மொதல்ல அவங்களைப் பாக்கோணும்."

பின்பக்கத்திலிருந்து மெலிந்த பெண் ஒருத்தி ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தாள். மேனேஜரைப் பார்த்தாள், யாரைக் கூப்பிட்டார்கள் என்று பின்னால் திரும்பிப் பார்த்தாள். மயிலாத்தாள் மேடையிலிருந்து மாப்பிள்ளைக்குப் போடுகிற சிவப்பு நாற்காலியை இழுத்து வந்து போட்டாள். "உக்காருங்க." அந்தப் பெண் நுனியில் உட்கார்ந்தாள். மயிலாத்தாள் அவளுக்குப் பின்னால் நின்று, சேலையை விலக்காமல், முதுகில் தன் காதை வைத்தாள்.

"வாயப் பொத்தாதீங்க, அம்மிணி. மூச்சை நல்லா இழுங்க."

வீரம்மா இழுத்தாள்.

"இன்னும் இழுக்கலாம். அவசரமில்ல. இந்த மண்டபம் முச்சூடும் உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்குது."